வெட்டுத்துணி, ஒட்டுப்படம், நம் பிள்ளைகள்

1

தமிழில் குழந்தை இலக்கியம் என்று பேச்செடுத்தால் கவிமணியில் தொடங்கி அழ. வள்ளியப்பாவில் வந்து நிற்பார்கள். கொங்குநாட்டுக்காரர் என்பதால் எங்கள் பக்கத்துப் பேராசிரியர்கள் பெ. தூரனையும், அவர் பொறுப்பில் வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் சேர்த்துக்கொள்வார்கள். எம்.ஏ. தமிழில் நான் படித்ததும் இவ்வளவுதான். குழந்தை என்கிற அந்தச் சொல்லுக்குள் எந்தத் தெருக் குழந்தை இருக்கிறது என்று வகுப்பில் ஒருத்தரும் கேட்டதில்லை. குழந்தைக்கு ஏது சாதி என்பார்கள். குழந்தைக்கு இல்லைதான். அது குடிக்கிற தண்ணீருக்கு இருக்கிறது, உட்காருகிற இடத்துக்கு இருக்கிறது, அதற்குச் சோறாக்கிப் போடுகிற கைக்கு இருக்கிறது. அம்புலிமாமாக் கதைகளில் ராஜாவும் மந்திரியும் பண்டிதனும் வணிகனும் வருவார்கள். செருப்புத் தைக்கிறவன் வர வேண்டுமென்றால் கதையில் யாருடைய செருப்பாவது அறுந்திருக்க வேண்டும்.

திருப்பூர்ப் பக்கத்துக் காலனிகளில் எங்கள் பிள்ளைகள் முதலில் பார்க்கிற படம் புத்தகத்தில் இல்லை, நெஞ்சில் இருக்கிறது. ஏற்றுமதிக்குத் தைத்து, அச்சு விலகியோ தையல் கோணியோ தள்ளுபடியான பனியன்கள் காதர்பேட்டைக் கடைகளுக்கு வரும். அங்கிருந்து எங்கள் வீடுகளுக்கு வரும். ஒரு கரடி, ஒரு கார், இரண்டு வரி இங்கிலீஷ். ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே என்று அச்சு விழுந்த கரடியைப் பார்த்துத்தான் எங்கள் பிள்ளைகள் கரடி எப்படி இருக்கும் என்று கற்றுக்கொண்டார்கள். அம்மா தைத்த சட்டையைத்தான் பிள்ளை போட்டிருக்கிறது. ஆனால் அம்மா அதை அந்தப் பிள்ளைக்காகத் தைக்கவில்லை.

இந்த இடத்தில் நின்றுகொண்டுதான் எஸ்ரா ஜாக் கீட்ஸ் என்ற அமெரிக்க ஓவியரின் படப் புத்தகங்களைப் பற்றிப் பேசப் போகிறேன். பனியன் ஊர்க்காரிக்கு அமெரிக்காக்காரன் புத்தகத்தோடு என்ன ஜோலி என்று கேட்கலாம். அவர் துணியையும் தாளையும் வெட்டி ஒட்டிப் படம் செய்தவர். ஒதுக்கப்பட்ட இனத்துப் பிள்ளையைப் புத்தகத்தின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தியவர். இந்த இரண்டும் போதும்.

2

கீட்ஸ் 1916-இல் நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில், போலந்திலிருந்து குடிபெயர்ந்த ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறவர். படம் வரைந்தால் பட்டினிதான் என்று மகனை மிரட்டிக்கொண்டே, பசித்த ஓவியன் எவனோ ஒரு கிண்ணம் சூப்புக்கு மாற்றாகக் கொடுத்தான் என்று பொய் சொல்லி வண்ணக் குழாய்களை வாங்கிவந்து கொடுத்த மனிதர். நம் தெருவிலும் இப்படிப்பட்ட அப்பன்கள் உண்டு. கீட்ஸின் சொந்தப் பெயர் ஜேக்கப் எஸ்ரா காட்ஸ். யூதர்மேல் இருந்த வெறுப்புக்கு அஞ்சி 1947-இல் பெயரை மாற்றிக்கொண்டார். பெயரில் சாதி தெரிந்துவிடும் என்று பிள்ளைக்குப் பொதுப்பெயர் தேடுகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பல ஆண்டுகள் அடுத்தவர்கள் எழுதிய கதைகளுக்குப் படம் போட்டார். ஒன்றிலும் கறுப்புப் பிள்ளை நாயகனாக வரவில்லை. 1940-இல் லைஃப் இதழில் வந்த சில புகைப்படங்களை அவர் வெட்டி வைத்திருந்தார். ஊசி குத்தப்போகிறார்கள் என்று தெரியாமல் நிற்கிற, பிறகு முகம் சுருங்குகிற ஒரு சின்னக் கறுப்புப் பையனின் படங்கள். இருபது ஆண்டுக்கு மேல் கூடவே இருந்த அந்தப் படங்களிலிருந்து 1962-இல் ஒரு பிள்ளை எழுந்து வந்தான். புத்தகம் 'தி ஸ்னோயி டே', பனி பெய்த நாள். பிள்ளையின் பெயர் பீட்டர். மறு ஆண்டு அமெரிக்காவில் படப் புத்தகத்துக்குத் தருகிற பெரிய விருதான கால்டெகாட் அதற்குக் கிடைத்தது.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. பீட்டர் காலையில் எழுந்து ஜன்னல் வழியே பனியைப் பார்க்கிறான். சிவப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு வெளியே போகிறான். கால்தடம் பதிக்கிறான், குச்சியால் மரத்தைத் தட்டுகிறான், தலையில் பனி விழுகிறது. பெரிய பையன்கள் பனியுருண்டை எறிந்து விளையாடுவதைப் பார்த்து, தான் இன்னும் வளரவில்லை என்று தனியாக விளையாடுகிறான். ஓர் உருண்டையைப் பைக்குள் பத்திரப்படுத்துகிறான். வீட்டுக்கு வந்தால் அம்மா ஈரக் காலுறையைக் கழற்றிவிடுகிறாள். தூங்கப் போகும்முன் பையில் கைவிட்டால் உருண்டை இல்லை. துக்கம். மறுநாள் காலை மறுபடி பனி. எதிர்வீட்டுச் சேக்காளியைக் கூட்டிக்கொண்டு மறுபடி வெளியே போகிறான். அவ்வளவுதான்.

இதை எப்படிச் செய்தார் என்பதுதான் நம் ஊருக்கு முக்கியம். அம்மாவின் உடுப்பு, அலமாரித் தட்டில் விரிக்கிற எண்ணெய்த்துணியில் வெட்டியது. படுக்கை விரிப்பு கான்வாஸ் துண்டு. பனிப்பூக்கள் அழிரப்பரைச் செதுக்கி அச்சுக் குத்தியவை. பீட்டர் தூங்குகிற பக்கத்தின் சாம்பல் நிறச் சுவர், பல் தேய்க்கிற பிரஷ்ஷை மையில் தொட்டுத் தெளித்தது. வீட்டில் கிடக்கிற சாமான்களை வைத்தே செய்திருக்கிறார்.

கொலாஜ் என்றால் என்ன என்று திருப்பூரில் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கட்டிங் டேபிளில் அடுக்கடுக்காகத் துணியை விரித்து, அளவு வைத்து வெட்டியபின் ஓரத்தில் விழுகிற கையளவு, விரலளவுத் துண்டுகள்தான் கட்டிங் வேஸ்ட். அதை மூட்டை கட்டி, எடை போட்டு விற்கிறார்கள். வெள்ளை தனி, கலர் தனி என்று நாளெல்லாம் உட்கார்ந்து பிரிக்கிற வேலைக்கு எங்கள் தெருப் பெண்கள் போகிறார்கள். அதில் ஒரு பங்கு மறுபடி நூலாகப் போகும், ஒரு பங்கு ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் துடைக்கப் போகும். நிறத்தோடு நிறம் சேர்த்துப் பார்க்கிற பழக்கம் அந்தக் கைகளுக்கு இருக்கிறது. நாட்டம் இல்லாமல் அந்த வேலையை ஒரு மணிநேரம்கூடச் செய்ய முடியாது. ஆனால் அதைக் கலை என்று யாரும் சொல்வதில்லை, கழிவு என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். பொருளுக்கு வைத்த பெயர் ஆளுக்கும் ஒட்டிக்கொள்கிறது. இது நமக்குப் பழைய கதை.

3

நாங்கள் நடத்துகிற மாலை வகுப்பில் ஐந்திலிருந்து எட்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு இந்தப் புத்தகத்தைக் காட்டினேன். இங்கிலீஷ் வரிகளை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் திருப்பினேன். பீட்டரைப் பார்த்ததும் ஒருவன், "இவன் நம்மாளுக்கா" என்றான். நிறத்தைப் பார்த்துச் சொன்னதுதான். புத்தகத்தில் இருக்கிற ஒருத்தனை எங்கள் பிள்ளை இப்படி உரிமை கொண்டாடி அதற்குமுன் நான் கேட்டதில்லை.

பனியைப் பனி என்று ஒருவரும் சொல்லவில்லை. "பஞ்சுங்களா?" என்றார்கள். நூல்மில்லுக்குப் போகிற ஒருத்தியின் மகள், "இத்தன பஞ்சுல எறங்கி வெளையாண்டா இருமல் வராதுங்களா?" என்று கேட்டாள். கீட்ஸ் அந்தப் பக்கத்தை வரைந்தபோது நினைத்தே பார்த்திருக்க முடியாத வாசிப்பு இது. வெள்ளையாய், மென்மையாய், குவிந்து கிடப்பதைப் பார்த்ததும் அம்மாவின் நெஞ்சு ஞாபகம் வருகிற பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள். அழகியல் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லட்டும்.

பெரிய பையன்கள் விளையாடுகிற பக்கம் வந்ததும் இன்னொருவன் கேட்டான்: "இவனை ஏன் சேத்துக்கல? அவங்க ஊருக்குள்ள பசங்களா?" எங்கள் பக்கத்தில் ஊர் என்றால் காலனி சேராது. கதையில் பீட்டர் ஒதுங்கி நிற்பது வயசு பத்தாததால். இரண்டு வருஷம் போனால் அவனும் அந்தக் கூட்டத்தில் இருப்பான். எங்கள் பிள்ளைக்கு அந்த இரண்டு வருஷம் வரவே வராது. இருந்தாலும், சேர்க்காமல் விட்டதற்குச் சாதி தவிர வேறொரு காரணமும் உலகத்தில் உண்டு, அது வளர்ந்தால் தீர்ந்துபோகிற காரணம் என்பதை அந்தப் பையன் முதன்முறையாகக் கேட்டான். நம்பினானா என்றால், முழுசாக நம்பவில்லை.

கடைசியில் அம்மா வரும் பக்கம். "அவங்கம்மாவுக்கு அன்னிக்கு லீவுங்களா?" என்று ஒரே சமயத்தில் நாலைந்து குரல். பகலில் வீட்டில் இருக்கிற அம்மா அவர்களுக்குப் புதிது. காலையில் எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் வருகிற அம்மாதான் தெரியும்.

இந்த அம்மாவைப் பற்றி அமெரிக்காவிலேயே சண்டை நடந்தது. 1965-இல் நான்சி லாரிக் என்ற கல்வியாளர் 'சாட்டர்டே ரெவ்யூ' இதழில் குழந்தைப் புத்தகங்களின் முழு வெள்ளை உலகம் பற்றிக் கட்டுரை எழுதினார். புத்தகத்தில் வருவது ஏன் எப்பவும் வெள்ளைப் பிள்ளைகளாகவே இருக்கிறது என்று ஐந்து வயதுக் கறுப்புச் சிறுமி கேட்ட கேள்வியில் தொடங்குகிறது அது. 1962 முதல் 1964 வரை 63 பதிப்பகங்கள் வெளியிட்ட 5,206 குழந்தைப் புத்தகங்களை எடுத்துக் கணக்குப் போட்டார். ஒரு கறுப்பராவது இடம்பெற்றவை 349, நூற்றுக்கு 6.7. அதே கட்டுரையில் கீட்ஸையும் அவர் விடவில்லை. பீட்டர் கறுப்பன் என்று கதையில் ஒரு சொல்கூட இல்லை, அம்மாவைப் பருத்த உருவமாய்க் கண்ணை உறுத்துகிற மஞ்சள் கட்ட உடுப்பில் வரைந்திருக்கிறார் என்று குறை சொன்னார். வெள்ளையர் வீட்டுக் கறுப்பு ஆயா என்று காலகாலமாக வரைந்துவந்த உருவத்தின் நிழல் அதில் விழுந்திருக்கிறது என்பது குற்றச்சாட்டு. கீட்ஸ் அதைக் கடுமையாக மறுத்தார்.

எனக்கு லாரிக் சொன்னதில் பாதி சரி. வெளியே இருந்து வருகிற நல்ல மனசுக்காரர்கூட, கண்ணில் ஏற்கெனவே ஏறியிருக்கிற உருவத்தைத்தான் முதலில் வரைவார். ஆனால் எங்கள் பிள்ளைகள் அந்த மஞ்சள் உடுப்பைப் பார்த்து "நைட்டி நல்லாருக்கு" என்றார்கள். அவர்கள் கேட்டது அம்மாவின் உருவத்தைப் பற்றி இல்லை, அம்மாவின் வேலையைப் பற்றி. லாரிக்கும் கீட்ஸும் போட்ட சண்டையில் அந்தக் கேள்வி இல்லை.

ஒன்றை மட்டும் கீட்ஸுக்கு விட்டுக்கொடுக்காமல் சொல்ல வேண்டும். பீட்டர் பசியோடு இல்லை. அடிபடவில்லை. கிழிந்த டவுசர் போடவில்லை. அடுத்தவருக்கு இரக்கம் கற்றுக்கொடுக்க அவனை யாரும் அங்கே கொண்டுவந்து நிறுத்தவில்லை. நல்ல சிவப்பு உடுப்பு போட்டுக்கொண்டு, தன் பாட்டுக்கு ஒரு நாளை அனுபவிக்கிறான். கறுப்புப் பிள்ளை புத்தகம் கறுப்பர்க்குத்தான் என்று ஒதுக்கினவர்களுக்கும் பதில் கிடைத்துவிட்டது. நியூயார்க் பொது நூலகம் தன் 125 ஆண்டு வரலாற்றில் அதிகம் இரவல் போன புத்தகம் எது என்று 2020-இல் பார்த்தபோது முதலில் நின்றது இதுதான்: 4,85,583 முறை.

4

நம் பக்கம் திரும்புவோம். பாமாவின் கருக்கு 1992-இல் வந்தபோது, நம் பிள்ளைப்பருவம் எப்படி இருந்தது என்பது தமிழில் முதன்முறையாக நம் வாயால் பதிவானது. அதற்குப் பின் வந்த தன்வரலாறுகளிலும் பிள்ளைப்பருவம் இருக்கிறது, அவமானத்தோடு இருக்கிறது. அது வேண்டும். அது இல்லாமல் நான் இதை எழுதவே முடியாது. ஆனால் அவை வளர்ந்தவர்கள் வளர்ந்தவர்களுக்குச் சொன்னவை. ஐந்து வயதுப் பிள்ளை தன் முகத்தை முதன்முதலாக ஒரு படத்தில் பார்க்கும்போது, அது தாகத்தோடு எட்டி நிற்கிற முகமாகத்தான் இருக்க வேண்டுமா?

அம்பேத்கரைப் பிள்ளைகளுக்குக் காட்டிய படக்கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அமர் சித்திரக் கதை 1979-இல் ஒன்று போட்டது. 2011-இல் நவயானா 'பீமாயணா' கொண்டுவந்தது. துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற பர்தான் கோண்டு ஓவியர்கள் வரைந்தது. கட்டம் கட்டமாக அடைக்காமல், படங்களைத் திறந்த வெளியில் ஓடவிட்டார்கள். விஷமாய்ப் பேசுகிறவன் வாயிலிருந்து வரும் பேச்சுக்குத் தேள்கொடுக்கு, அன்பாய்ப் பேசுகிறவர் பேச்சுக்குப் பறவை உருவம். இந்தியப் படப் புத்தகக் கலையில் அது பெரிய சாதனை. அதிலும் சிறுவன் பீம் வருவது தண்ணீர் கிடைக்காதவனாகத்தான். வரலாறு அப்படி, அவர்கள் மேல் குற்றமில்லை. அதற்கு முன்னால் ஒரு புத்தகம் நம் பிள்ளை கையில் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். தண்ணீரை அள்ளித் தெளித்து விளையாடுகிற பீமைப் பார்த்த பிள்ளைக்குத்தான், தண்ணீர் மறுக்கப்பட்ட பீமைப் பார்க்கும்போது கோபம் வரும். இல்லாவிட்டால் நமக்கு இப்படித்தான் என்று பழகிப் போகும்.

ஐதராபாத்தின் அன்வேஷி 2008-இல் ஒடுக்கப்பட்டோர், இஸ்லாமியர் வீட்டுப் பிள்ளைகளை வைத்து எட்டுக் கதைப்புத்தகங்கள் செய்தது. கோகு சியாமளா எழுதியதும் அதில் உண்டு. ஆட்டுத்தலைக் குழம்பு வைப்பதே ஒரு கதை. தெலுங்கிலும் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் வந்தன. தமிழுக்கு அந்த வரிசையில் இடமில்லாமல் போயிற்று.

சென்னையின் தாரா பதிப்பகம் 2001-இல் 'எக்ஸ்கியூஸ் மீ, இஸ் திஸ் இந்தியா?' என்று ஒரு புத்தகம் போட்டது. அனிதா லாய்ட்விலர் என்ற சுவிஸ் ஓவியர் துணிகளை ஒட்டித் தைத்த படங்கள், அனுஷ்கா ரவிசங்கரின் இங்கிலீஷ்ப் பாட்டு. அழகான புத்தகம்தான். ஆனால் இந்தியா என்பது அதில் வந்து பார்த்து வியந்து போகிற ஊர். துணி நம் ஊருடையது, பார்க்கிற கண் பயணம் வந்தவருடையது. அந்தத் துணியை நெய்தவர், சாயம் ஏற்றியவர், வெட்டியவர், தைத்தவர் வீட்டுப் பிள்ளை அந்தப் புத்தகத்துக்கு வாசகராக நினைக்கப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

அரசுப் பள்ளிகளுக்கு 2023-இல் வாசிப்பு இயக்கம் வந்தது. நுழை, நட, ஓடு, பற என்று நாலு படிநிலையில் சின்னச் சின்னப் புத்தகங்கள் பிள்ளைகள் கைக்கு இலவசமாகப் போகின்றன. இதை வரவேற்காமல் இருக்க முடியாது. எழுத்துக்கூட்டுகிற பிள்ளைக்கு நாலு வரிப் புத்தகம் சோறு மாதிரி. ஆனால் இந்த மாதிரிப் புத்தகங்களில் நான் பார்த்த வரை வயல் இருக்கிறது, குளம் இருக்கிறது, பாட்டி வீடு இருக்கிறது. லைன்வீடு இல்லை. பிசிறு வெட்டுகிற அம்மா இல்லை. எங்கள் அருந்ததியர் வீடுகளில் பேசுகிற தெலுங்கு இல்லவே இல்லை. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வருகிற பிள்ளை திணறினால் மந்தப் பிள்ளை என்று எழுதிவிடுகிறார்கள்.

இங்கேதான் கீட்ஸின் வழி நமக்கு அப்படியே பொருந்தாது என்று சொல்கிறேன். பீட்டர் கறுப்பன் என்று எழுத்தில் சொல்லாமல் அவர் தப்பிக்க முடிந்தது, ஏனென்றால் படம் சொல்லிவிட்டது. நிறம் தாளில் தெரியும். சாதி தாளில் தெரியாது. பெயரும் தெருவும் சொல்லாமல் தமிழில் ஒரு பிள்ளையை வரைந்தால், படிக்கிறவர் அதை ஊர்ப் பிள்ளை என்றே எடுத்துக்கொள்வார்.

2018-இல் எங்கள் மாவட்டத்தில் அவிநாசிப் பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் நடந்தது நாட்டுக்கே தெரியும். சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியார் தகராறு செய்தார்கள். அதிகாரிகள் முதலில் அவரைத்தான் இடம் மாற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது, வழக்கும் பதிவானது. இப்போது ஒரு படப் புத்தகத்தில் சத்துணவுக் கூடம் வரைகிறீர்கள். கரண்டியோடு ஓர் அம்மா, தட்டோடு பத்துப் பிள்ளைகள். படத்தில் யாருக்கும் சாதி இல்லை. ஆனால் அந்தப் பள்ளியில் படித்த ஒவ்வொரு பிள்ளைக்கும் கரண்டி பிடித்த கை யாருடையது என்ற கேள்வி உண்டு. அந்தக் கேள்வியை மறைத்துவிட்டு வரைவதற்குப் பெயர் பொதுமை இல்லை.

அப்படியானால் எப்படி வரைவது? கிழிந்த சட்டையும் மூக்குச்சளியும் பரட்டைத் தலையும் போட்டால் தலித் பிள்ளை ஆகிவிடும் என்று நினைக்கிற கை வேண்டாம். வீட்டுச் சுவரில் அம்பேத்கர் படம் இருக்கட்டும். கொடியில் உப்புக்கண்டம் காயட்டும். மூலையில் பறை சாய்ந்திருக்கட்டும். தாத்தா தெலுங்கில் கூப்பிடட்டும். அதற்கு விளக்கம் எழுதக் கூடாது. அதன் நடுவில் பிள்ளை நல்ல சட்டை போட்டுக்கொண்டு விளையாடட்டும்.

5

யார் வரைவது என்பது மிச்சமிருக்கிற கேள்வி. தலித் அல்லாதவர் தலித் இலக்கியம் எழுதலாமா என்று நம் இதழ்களில் ஓடிய விவாதத்தை மறுபடி இழுக்கவில்லை. அமெரிக்காவில் கீட்ஸுக்குப் பின் என்ன நடந்தது என்பதைச் சொன்னால் போதும்.

ஏழே ஆண்டுகள். 1969-இல் அதே புரூக்ளினின் பெட்ஃபோர்டு ஸ்டைவசன்ட் பகுதியில் வளர்ந்த ஜான் ஸ்டெப்டோ என்ற கறுப்பு இளைஞர், இருபது வயது நிரம்புமுன்னே, 'ஸ்டீவி' என்ற படப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். தன் தெருப் பேச்சிலேயே எழுதினார். வீட்டில் வந்து தங்குகிற குட்டிப் பையனோடு பெரியவனுக்கு வருகிற எரிச்சலும் பிரியமும்தான் கதை.

பிறகு 1991-இல் ஃபெயித் ரிங்கோல்டின் 'டார் பீச்'. அவருடைய அம்மா தையல்காரர், உடை வடிவமைப்பவர். அம்மாவும் மகளும் சேர்ந்தே ஒட்டுத்துணிப் போர்வை செய்தவர்கள். அம்மா இறந்தபின் மகள் 1988-இல் செய்த கதைப்போர்வைதான் பிறகு இந்தப் புத்தகமானது. பக்கங்களின் அடியில் அந்தத் துணிக்கரை ஓடுகிறது. கேஸி என்ற எட்டு வயதுப் பெண் ஹார்லம் வீட்டு மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு வானத்தில் பறக்கிறாள். அவள் அப்பா கட்டுமானத் தொழிலாளி. பெரிய பாலம் கட்டியவர். நிறத்தைக் காட்டி அவரைத் தொழிற்சங்கத்தில் சேர்க்கவில்லை. மகள் அந்தச் சங்கக் கட்டடத்தின் மேல் பறந்து, அது அப்பாவுடையது என்று எடுத்துக்கொள்கிறாள்.

கீட்ஸில் இல்லாதது இதில் இருக்கிறது. வேலை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, ஒதுக்கல் இருக்கிறது, அதோடு பிள்ளையின் குதூகலமும் குறையாமல் இருக்கிறது. குதூகலம் வேண்டுமென்றால் உண்மையை மறைக்க வேண்டும் என்பது பொய் என்று தையல்காரி மகள் காட்டிவிட்டாள்.

நம் ஊரில் தையல்காரிகளுக்கா பஞ்சம்? 1984-இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. அந்த 127 நாளில் அடுப்பு எப்படி எரிந்தது என்று சொல்லப் பாட்டிகள் இருக்கிறார்கள். பவர் டேபிள் பக்கத்தில் உட்கார்ந்து கைமடித்தே பிள்ளைப்பருவம் போனவர்கள் இன்று பெற்றோராக இருக்கிறார்கள். வெட்டுத்துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. பசை காய்ச்ச மைதா இருக்கிறது. சென்னையிலிருந்து ஓவியர் வரட்டும், நிதி வரட்டும் என்று காத்திருக்கிற பழக்கத்தைத்தான் விட வேண்டும்.

மாலை வகுப்பில் தொடங்கிவிட்டோம். பிள்ளைகள் கேட்ட "லீவுங்களா?" என்பதுதான் பொருள். அம்மாவுக்கு லீவு கிடைத்த ஒரு நாள், பன்னிரண்டு பக்கம். வேஸ்ட் பிரிக்கிற அம்மாக்கள்தான் ஞாயிற்றுக்கிழமை வந்து நிறம் எடுத்துக் கொடுக்கிறார்கள். இதுவரை ஐந்து பக்கம் ஆகியிருக்கிறது. அம்மாவின் புடவைக்கு என்ன நிறம் என்பதில் இரண்டு வாரமாகச் சண்டை.

தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் இதழ்கள் கவிதைக்கும் கட்டுரைக்கும் வாக்குமூலத்துக்கும் இடம் தருகின்றன. ஆண்டுக்கு ஒருமுறையாவது எட்டுப் பக்கத்தை, எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு ஒதுக்குங்கள். பெரிய எழுத்தில் போடுங்கள். கருப்பு வெள்ளையில் அச்சடித்தாலும் பரவாயில்லை, நிறத்தை எங்கள் பிள்ளைகள் ஒட்டிக்கொள்வார்கள்.